தென்கடல் பக்கத்துச் சுவர்

மண்டபம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாசலைப் பெருக்கிவிட்டுத் திரும்புவதற்குள் மணல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மருமகளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

வீட்டை விற்பதற்கு முன் செய்யச் சொல்லி நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். சுவர் முழுக்கப் பட்டி பார்த்து இரண்டு கோட் பெயிண்ட், முற்றத்துக்குப் பேவர் கல், கடல் தெரியும்படி வாசல் பூவரசை வெட்டுவது, தரகரிடம் சொல்லிப் பெரிதாக ஒரு பலகை. சார்ஜாவில் இருந்துகொண்டு நீ எழுதியது புது வீட்டுக்கான பட்டியல். நம்முடையது பழைய வீடு, அதைப் பழைய வீடாகவே விற்கப்போகிறேன். காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

தென்கடல் பக்கத்துச் சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பூத்திருக்குமே, நினைவிருக்கிறதா? தொட்டால் மாவாக உதிரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அது உன் தாத்தா கட்டிய சுவர், பவளப்பாறைக் கல். கல்லே கடலுக்குள்ளிருந்து வந்தது. அதை உப்பில்லாமல் இரு என்றால் எப்படி இருக்கும்? அந்தக் காலத்துக் கொத்தனார்கள் அதற்குச் சுண்ணாம்புக் காரைதான் பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தைப் பூட்டி வைக்காது. தரையிலிருந்து ஏறும் ஈரம் பூச்சின் வழியாகவே காய்ந்துபோகும். உப்பு வெளியே பூத்து உதிர்ந்துவிடும். பிறகு ஒருவர் வந்து, சிமெண்ட் பூசினால் எல்லாம் நின்றுவிடும் என்று அப்பாவிடம் சொல்லி, மூன்றடி உயரத்துக்குப் பூசிவிட்டுப் போனார். வெளியேற வழியில்லாத ஈரம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறி அங்கே பூத்தது. அதன்மேல் பட்டியும் பெயிண்டும் அடித்தால் ஆடி வரைக்கும் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழைக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்போது வாங்கியவர் வாயில் விழப்போவது நான்.

அதனால் சிமெண்டைக் கொத்தி எடுக்கச் சொல்லிவிட்டேன். பூத்திருந்த உப்பைக் கழுவவில்லை, காய்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளினார்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும் என்று கொத்தனார் சொன்னார். சுவரை ஆறவிட்டுச் சுண்ணாம்பு பூசுவார். இனி உப்பே பூக்காது என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் விற்பேன். அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா, சுற்றுச்சுவருக்கு ஆகும் என்று ஒருவர் கேட்டார். 2001ஆம் ஆண்டு முதல் பவளப்பாறை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, யானைக்கும் புலிக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று சொன்னேன். அப்புறம் அவர் வரவில்லை. போகட்டும்.

பின்னறை சன்ஷேட் வேறு கதை. கொத்தனார் அடியில் நின்று சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முதலில் கணீரென்று கேட்டது. ஜன்னலுக்கு நேரே வந்ததும் பொத்தென்று ஒலித்தது. அங்கே கொத்தினால் உள்ளே கம்பி துருவேறி, பட்டை பட்டையாகப் பிரிந்து கிடக்கிறது. உப்புக்காற்று காங்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியை அரிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அதுதான் காரையை வெடிக்க வைக்கிறது. கெட்டதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, மறுபடி காங்கிரீட் போட்டாயிற்று. யார் தலையிலும் விழக்கூடாது என்பதற்காக இந்தச் செலவு, விலையை ஏற்றுவதற்காக அல்ல. நம் வக்கீலும் இதைத்தான் சொன்னார்: 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை நமக்குத் தெரிந்திருந்தால் நாமே சொல்லிவிட வேண்டுமாம். பட்டி பார்த்து மறைத்துவிட்டு எனக்குத் தெரியாது என்று சொல்ல என்னால் ஆகாது.

முற்றத்துக்குப் பேவர் கல் வேண்டவே வேண்டாம். நம் கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பதே மழை மணலில் இறங்குவதால்தான். அடியில் இருப்பது கடல் நீர். அதன்மேல் மழைநீர் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே கல்லைப் பாவி மூடினால் மழையெல்லாம் தெருவுக்கு ஓடிவிடும், அதிகமாக இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். இந்தப் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் அறையை எண்ணுவதற்கு முன் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தாலும் கேள்வி கிணற்றைப் பற்றியேதான். இந்தக் கோடையிலும் நம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடிகிறது. வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு அதைத்தான் கொடுக்கிறேன், டீ பிறகு. பூவரசையும் தொடமாட்டேன், அது கடலை மறைக்கிறது என்கிறாய், அது மறைப்பது உப்புக்காற்றை.

தரகர் கொண்டுவந்த பலகையில் 'ரிசார்ட் கட்ட ஏற்ற இடம்' என்று இருந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதி, நம் வீடு அதற்குள் வருகிறது. அனுமதி கிடைக்குமா என்பதை வாங்குபவர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், நான் ஆசை காட்டமாட்டேன். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து தரகர்கள் வாயில் சென்ட் விலை தினம் ஒன்றாக இருக்கிறது. பாலம் ராமேசுவரம் போகிறவர்களுக்கு. நம் சுவரில் உப்புப் பூப்பதை அது நிறுத்திவிடவில்லை. நான் சொல்லும் விலை, பக்கத்தில் உண்மையாகக் கிரயமான விலையை விசாரித்துச் சொல்வது.

இனிப் பத்திர விஷயம். தாத்தா வாங்கிய மூலப்பத்திரமும், அப்பாவுக்கு அவர் எழுதிக்கொடுத்த செட்டில்மெண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. முப்பது வருட வில்லங்கச் சான்றுக்கு எழுதிப்போட்டாயிற்று. பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழை வைத்து மூவர் பெயருக்கும் மாற்ற மனு கொடுத்திருக்கிறேன்.

ஆமாம், மூவர் பெயருக்கும். அக்காவுக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாயிற்றே, விடுதலைப் பத்திரம் எழுதித் தரமாட்டாளா என்று கேட்டாய். அப்பா உயில் எழுதவில்லை. எனக்கு, உனக்கு, அவளுக்கு, ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. நகை வேறு, பங்கு வேறு. அவளாக விட்டுக்கொடுத்தால் அது அவள் விருப்பம். நீ கேட்கக்கூடாது, மச்சான் காதுக்கு இந்தப் பேச்சு போகவும் கூடாது. என் பங்கில் பரமக்குடியில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்துக்கொள்வேன். உன் பங்குக்கு, நீ வெளிநாட்டில் இருப்பதால், வாங்குபவர் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார். அது பற்றி உன் ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசு, பிறகு என்னைக் கேட்காதே.

நீ வர முடியாது என்றால் எனக்குப் பவர் எழுதி அனுப்பு. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று வாங்க வேண்டும். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அதனால் விலை படிந்து முன்பணம் வாங்கியபின் அனுப்பினால் போதும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை உன் பெயரோடு சேர்த்து எழுதியிருக்கிறாய், வாரிசுச் சான்றிதழில் வெறும் முன்னெழுத்து. இரண்டும் ஒருவரே என்று பவரிலேயே ஒரு வரி போடச் சொல். பதிவு அலுவலகத்தில் இதற்காகவே திருப்பி அனுப்புகிறார்கள்.

பரணில் உன் கேரம் பலகையும் கல்லூரிப் புத்தகப் பெட்டியும் கிடக்கின்றன. வேண்டுமா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். அக்கா வருகிறாள், பதில் வராவிட்டால் பலகை அவள் பிள்ளைகளுக்கு, புத்தகம் பழைய பேப்பர்காரருக்கு.

அன்புடன்,
அம்மா