சோடாபுட்டிக் கண்ணாடியை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்புரை சிகிச்சை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். 1979 முதல் கோவில்பட்டியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். லண்டனில் டாக்டர் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29-ல் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்ததைச் சொன்ன கையோடு, கட்டுரையாளர் இன்றைய 'லேசர்' ஆபரேஷனுக்குத் தாவிவிட்டார். அவர் தாண்டிப்போன அந்த இடைக்காலத்தில்தான் எங்கள் கடையே ஓடியது.

அன்றைக்குப் புரை எடுப்பதென்றால் கண்ணிலிருக்கும் லென்ஸை முழுசாக வெளியே எடுப்பது, அவ்வளவுதான். பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்கப் போடுவார்கள். புண் ஆறி, சில வாரம் கழித்து எங்களிடம் வருவார்கள், பிளஸ் பத்து கண்ணாடிக்கு. ஊர் சொல்லும் சோடாபுட்டி அதுதான்.

அதைப் போட்டவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. போட்டவர் பட்ட பாடு வேறு. எல்லாம் கால் பங்கு பெரிதாக, அதனால் கிட்டத்தில் இருப்பதாகத் தெரியும். புதுக் கண்ணாடி மாட்டிய ஒரு பாட்டிக்கு டம்ளரில் தண்ணீர் நீட்டினேன். அவர் கை டம்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே வெறுங்காற்றைப் பிடித்தது. மறுபடியும் அப்படியே. "ஏய்யா, டம்ளரப் பின்னால பின்னால இழுக்க?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார். பார்வையைச் சுற்றி வளையமாக ஒரு பகுதி தெரியவே தெரியாது; ஓரத்தில் வரும் சைக்கிள் திடீரென்று மூக்குக்கு நேரே முளைக்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கண்ணாடியால் பலனே இல்லை. ஒரு கண்ணில் பெரிய உருவம், இன்னொன்றில் சின்ன உருவம். மூளை இரண்டையும் சேர்த்துப் பார்க்காது. பருத்திக்காட்டில் கண்ணாடி விழுந்து உடைந்தால் மறுபடி எங்கள் கடைக்கு வந்து சேரும்வரை கண் இருந்தும் இல்லாத கதைதான்.

போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் எந்த உபத்திரவமும் செய்யாமல் கிடந்ததைப் பார்த்துத்தான் ரிட்லி அந்தப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அந்த முதல் லென்ஸின் பவர் தப்பிப்போனதை எழுதவில்லை. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே பார்த்துச் செய்தார்கள். பெர்ஸ்பெக்ஸோ வெளிச்சத்தை அதைவிட அதிகமாக வளைக்கும். ஆகவே அந்த 45 வயதுப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி ஏது! பெரிய டாக்டர்கள் பலர் ரிட்லியை ஏற்கவே இல்லை. 2000-ல்தான் 'சர்' பட்டம் வந்தது. அதற்குள் அவர் கண்ணிலேயே அந்த மாதிரி லென்ஸ் வைத்தாகிவிட்டது.

ரிட்லியின் லென்ஸ் எங்கள் கரிசல்காட்டு ஆட்களுக்குக் கிடைத்தது மதுரை வழியாக. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகியவர். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அவர்களின் ஆரோலேப் மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. வெளிநாட்டிலிருந்து வந்தபோது 100 டாலர் வாக்கில் விற்ற பொருள் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. முகாமில் இலவசமாக ஆபரேஷன் செய்துகொண்டவருக்கும் லென்ஸ் வைக்க முடிந்தது. எங்கள் கடையில் பிளஸ் பத்து விற்பனை படுத்துவிட்டது. ஒரு டஜன் இன்னும் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

விலை இறங்கிய பிறகும் 'ஃபாரின் லென்ஸ்' மோகம் மட்டும் இறங்கவில்லை. என் மச்சான் ராத்திரியில் வேன் ஓட்டுகிறவர். ஒரு தனியார் மருத்துவமனையில் விலைப்பட்டியலை நீட்டி, "கண்ணாடியே தேவைப்படாது" என்று சொல்லி தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் மல்டிஃபோக்கல் லென்ஸ் வைத்துவிட்டார்கள். இப்போது எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறதாம். அந்த லென்ஸைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி வண்டி ஓட்டுவீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் ஒற்றைப் பவர் லென்ஸ்தான் வைத்துக்கொண்டேன். பேப்பர் படிக்க மட்டும் நம்ம கடைக் கண்ணாடி.

கடைசியாக, அந்த 'லேசர்'. இன்று பரவலாகச் செய்யும் பேக்கோ முறையில் உறிஞ்சி எடுக்க வசதியாகப் புரையை உடைப்பது அல்ட்ராசவுண்ட் அதிர்வு. 1967-ல் நியூயார்க் டாக்டர் சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தது. பல் டாக்டர் தன் பல்லைச் சுத்தம் செய்த கருவியைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை. சில இடங்களில் கூடுதல் பணத்துக்கு முதல் கட்ட வேலைகளை லேசரில் செய்கிறார்கள், உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு லென்ஸின் பின்பக்க உறை மங்கினால் அதைத் திறப்பதும் லேசர்தான். மற்றபடி ஊரில் எல்லாரும் 'லேசர் ஆபரேஷன்' என்பது வெறும் பேச்சுவழக்கு.

உங்கள் கட்டுரையைப் படித்த எங்கள் தெருக்காரர் ஒருவர், 'லேசர்' செய்யும் இடம் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று மங்கிய கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த இதழில் அந்த ஒரு சொல்லையாவது திருத்திப் போடுங்கள். வெட்டி எடுத்துப்போய் அவரிடம் படித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கண்ணாடிக்கடைக்காரர்,
கோவில்பட்டி.