வாங்போ மரப்பாலத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

சயாம் மரண ரயில்பாதையின் ஒரு துண்டு பெரம்பூரில் எங்கள் பட்டறை மேசைமேல் சிறு மாதிரியாக எழுந்து நிற்கிறது. 1942–43இல், இரண்டாம் உலகப்போரின்போது, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியப் படை போட்ட 415 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள) பாதை அது. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் முழுதும் போட நாலே முக்கால் கிலோமீட்டர் இடம் வேண்டும். அதனால் க்வாய் நோய் ஆற்றோரம் பாறையை ஒட்டி வளையும் வாங்போ மரப்பாலத்தில் 2.4 மீட்டர் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மீட்டர்கேஜ் காலத்தில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்த ஐயாவுக்கு முதல் நன்றி. கடையில் கிடைக்கும் மாதிரிப் பாதையின் ஸ்லீப்பர், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை, மீட்டர்கேஜைவிட அகலமான ஸ்டாண்டர்டு கேஜுக்கானது, 30 மில்லிமீட்டர் நீளம். அதைப் போட்டிருந்தால் பாதையே பொய்யாகியிருக்கும். மீட்டர்கேஜுக்கு 6 அடிக் கட்டை, மாதிரியில் 21 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

பாலத்தின் கால்கள் 3 மில்லிமீட்டர் கபாப் குச்சிகள். நிஜ அளவில் 26 சென்டிமீட்டர் பருமனுள்ள மரம். 50 மில்லிமீட்டருக்கு ஒரு சட்டம், சட்டத்துக்கு நான்கு கால் என்று 49 சட்டத்துக்கு 196 குச்சிகள். மூங்கிலின் வழுவழுப்பான தோலில் பசை பிடிக்காது. 120ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் ஒட்டவேண்டும். அதோடு விட்டால் ஐப்பசி அடைமழை ஈரத்தில் வெள்ளைப் பசை இளகி, சட்டம் சாய்ந்துவிடும். ஒவ்வொரு மூட்டிலும் துளையிட்டு அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி செருகிய அக்காவின் பொறுமையால்தான் பாலம் அசையாமல் நிற்கிறது.

அடிப்பலகையின் மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் கீழ்ப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். வளைவில் பாதை இறுகி, சக்கரம் ஏறித் தடம்புரளும். இருபுறமும் விளிம்பும் சேர்த்து மும்முறை பூசித் தந்த தச்சு அண்ணனுக்கு நன்றி. கடல்காற்றில் தண்டவாள இணைப்புகள் களிம்பு பிடித்து மின்சாரம் தடைபடும் என்று எச்சரித்து, 60 சென்டிமீட்டருக்கு ஒரு ஒயர் பற்றவைத்தவர் ரிச்சி தெருத் தம்பி.

சி56 என்ற ஜப்பானிய நீராவி என்ஜினின் மாதிரியை இரவல் தந்த நண்பருக்கும் நன்றி. ஜப்பானின் 1,067 மில்லிமீட்டர் பாதைக்கான இந்த வகையில் 90 என்ஜின்களின் சக்கர இடைவெளியை 1,000 மில்லிமீட்டர் பாதைக்குக் குறுக்கி சயாமுக்கும் பர்மாவுக்கும் அனுப்பினார்கள். மாதிரியில் 12 மில்லிமீட்டர் பாதை இரண்டுக்கும் பொருந்திவிடுவதால் சக்கரத்தைத் தொடவே இல்லை.

வாங்போ பாலத்தைக் கட்டியவர்கள் நேசநாட்டுப் போர்க்கைதிகள். ஆனால் இந்தப் பாதை நெடுக மாண்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. அவர்கள் இல்லாமல் இந்தப் பாதையைக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. மேசையின் மறுகோடியில் தொழிலாளர் முகாம் வைக்க, அத்தாப்புக் (ஓலை வேய்ந்த) குடிசையின் அமைப்பை வரைந்து அனுப்பிய மலேசியக் குடும்பங்களுக்கு எங்கள் வணக்கம்.

இன்னும் 11 குடிசைகளுக்குக் கூரை வேயவேண்டும். காய்ந்த பனையோலைத் துணுக்கு இருப்பவர்கள் ஞாயிறு காலை கொண்டுவாருங்கள்.