வேலையிடத்தில் மின்சாரக் காரைச் சார்ஜ் செய்ய வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டதை அடுத்து, எந்தக் கார் இலாபம் என்று ஆராய்ந்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். காரின் விலையும் வரியும் விரிவாகப் பேசப்பட்டன. ஆனால் ஒருவர் தினமும் எவ்வளவு தூரம் கார் ஓட்டுகிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நான் மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வருபவன். போக வர ஏறத்தாழ 80 கிலோமீற்றர். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெறும் பங்கீட்டு முறையில் கிடைத்த வாரம் 20 லீற்றர் பெற்றோல் என் காருக்கு மூன்று நாளோடு முடிந்துவிடும், மிச்ச நாட்களில் பஸ்தான். அந்தப் பெற்றோல் வரிசைகளை மறக்க முடியவில்லை.

பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார், நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் பெற்றோலை நன்றாக மிச்சப்படுத்தும். அடிக்கடி கொழும்பு போகிறவர்களுக்கு அதுவே சரி. ஆனாலும் அதற்கும் பெற்றோல் வேண்டும். என் 80 கிலோமீற்றருக்கு மின்சாரக் கார் 12, 13 யூனிட் மின்சாரத்தில் ஓடிவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சார்ஜ் செய்ய இடமில்லாததே பெரிய தடை. பகல் எட்டு மணி நேரம் கார்கள் சும்மா நிற்கும் அலுவலக, வைத்தியசாலை வளாகங்களில், கட்டணத்துக்காவது, 15 அம்பியர் பிளக் இணைப்புகளை மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நிர்வாகங்கள் ஏற்படுத்தித் தர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.