தோப்பை விக்க வேண்டாம் மாப்ள

கோபிசெட்டிபாளையம்

மாப்ள,

கடுதாசி வந்துச்சு. தென்னையில இருந்து விழுந்து முதுகுத் தண்டுவடத்துல அடிபட்ட உன் பங்காளி மகனை நெனைச்சா மனசு ஆறல. ‘ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துருவான்’னு எவனோ லட்சக்கணக்குல கேக்கறான், தோப்புல பாதியை வித்துரலாமான்னு அவங்கப்பா யோசிக்கறாருன்னு எழுதியிருந்தே. விலங்கியல் வாத்தியாரா இருந்தவன்கிட்ட கேக்கறே, தெரிஞ்சதைச் சொல்றேன்.

நானும் கொஞ்ச நாளா மூக்கு நரம்பைப் பத்தித்தான் படிச்சிட்டிருந்தேன், அதுக்கும் தண்டுவடத்துக்கும் சம்பந்தம் இருக்கு. நம்ம மஞ்சள் மண்டி ராசு பைக்குல விழுந்து பின்மண்டையில அடிபட்டான் பாரு, அதுல இருந்து அவனுக்கு எந்த வாசனையும் தெரியறதில்லை. அன்னிக்கு அடுப்புல பால் பொங்கித் தீஞ்சு வீடெல்லாம் நாறுது, இவன் பக்கத்துத் திண்ணையில பேப்பர் படிச்சிட்டு உக்காந்திருக்கான். அம்மிணி போட்ட சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேட்டுது.

மூக்கோட உச்சியில இருக்கற நரம்பு இழைங்க, பொடிப்பொடியா ஓட்டை போட்ட எலும்பு வழியா மூளைக்குப் போகுது. மண்டையில அடிபட்டு மூளை குலுங்கினா அந்த இடத்துல அறுந்துரும். ஆனா மூக்கு நரம்பு செல்லுக்கு ஒரு குணம் உண்டு, ஆயுசு முழுக்கச் செத்துச் செத்துப் புதுசா முளைக்கும். அதனால சில பேருக்கு வாசனை திரும்பி வருது. ராசுவையும் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம்னு தினம் ரெண்டு வேளை மோந்து பழகச் சொல்லியிருக்காங்க.

மூக்குல முளைக்கற நரம்பு தண்டுவடத்துல ஏன் முளைக்கறதில்லைன்னு ஆராய்ஞ்சவர் லண்டன் நரம்பியல் விஞ்ஞானி ஜெஃப்ரி ரெய்ஸ்மன். புது இழையைச் சுத்தி உறையா நின்னு மூளைக்குள்ள வழி காட்டிக் கூட்டிட்டுப் போற செல்லை அவர் 1985-ல கண்டுபிடிச்சார். அதை எலியோட அடிபட்ட தண்டுவடத்துல வெச்சாங்க. செயலிழந்த முன்னங்காலை நீட்டி எலி மறுபடி தீனி எடுத்துச்சு. அந்த ஆய்வு 1997-ல வந்துச்சு.

அப்புறம் 2012-ல, போலந்துல பாவெல் டபாகோவ் குழு, கத்திக்குத்துல தண்டுவடம் அறுபட்டு நெஞ்சுக்குக் கீழ செயலிழந்துபோன ஒரு தீயணைப்பு வீரருக்கு இதைச் செஞ்சாங்க. மண்டையோட்டைத் திறந்து, மூக்கு நரம்பு போய்ச் சேர்ற வாசனைக் குமிழ் ஒண்ணை எடுத்து, அதுல இருந்து அந்த வழிகாட்டி செல்லை வளர்த்து, வெட்டுக்கு மேலயும் கீழயும் செலுத்தினாங்க. நடுவுல 8 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கணுக்கால் நரம்பைப் பாலமா வெச்சாங்க. வருசக்கணக்கா தினம் மணிக்கணக்குல உடற்பயிற்சி. 2014-ல செய்தி வந்தப்போ ஊன்றுசட்டம் பிடிச்சு நடந்தார்.

படிக்கப் படிக்க எனக்கும் புல்லரிச்சுது. ஆனா அது ஒரே ஒரு ஆளு மாப்ள. ரெய்ஸ்மனும் 2017-ல போய்ச் சேர்ந்துட்டார். அந்த ஆபரேசனுக்கும் இந்த ஊசிக்காரன் சொல்ற கதைக்கும் நெம்ப தூரம்.

இன்னொண்ணு. ஐ.சி.எம்.ஆர்.னு சொல்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிச்ச வைத்தியம் இல்லை. ஆராய்ச்சியா மட்டும்தான் செய்யலாம், ஆராய்ச்சிக்கு வர்ற நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. அவன் லட்சம் கேக்கறான்ல, அதுவே போதும், பங்காளிகிட்ட எடுத்துச் சொல்லு.

இப்போதைக்குப் படுக்கைப்புண் வராம பாத்துக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லு, பிசியோதெரபியை விடவே கூடாது. இங்க தெரிஞ்சவங்க வீட்டுல தண்ணிப் படுக்கை ஒண்ணு சும்மா கெடக்குது. பொள்ளாச்சிக்குக் காய் ஏத்த வர்ற லாரியில போட்டு விடறேன், எறக்கிக்க ஆளு வெச்சிரு.

உன்,
பழனிச்சாமி