'அனிமல்ஸ்' யாருடையது? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் 'அனிமல்ஸ்' முழுக்க முழுக்க ரோஜர் வாட்டர்ஸின் ஆல்பம், டேவிட் கில்மோர் அதில் கூலிக்கு கிட்டார் வாசித்தவர், மற்ற இருவரும் படத்துக்கு நின்றவர்கள் என்று நீ எழுதி அனுப்பிய குற்றப்பத்திரிகையை வாசித்தேன். உன் அம்மாவிடம் தோற்ற வழக்குகளை என்னிடம் கொண்டுவந்து ஜெயிக்கப் பார்ப்பது உன் பழைய பழக்கம். இந்த முறை ஆவணத்தோடு வந்திருக்கிறாய். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

உன் ஆவணத்தின் கதை எனக்கும் தெரியும். 1977 ஜனவரியில் வந்த இந்த ஆல்பத்துக்கு ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி 2018-இல் புதிய ஒலிக்கலவை செய்து முடித்துவிட்டார். அது கடைக்கு வந்ததோ 2022 செப்டம்பரில். இடையில் நின்ற தடை, உறைக்குள் அச்சிட வேண்டிய ஒரு கட்டுரை. ஆல்பத்தில் யார் என்ன செய்தார்கள் என்று மார்க் பிளேக் என்ற இசை எழுத்தாளர் எழுதியது, நீ ஆவணமாக நீட்டுவதும் அதைத்தான். 2021 ஜூனில் வாட்டர்ஸ் அதைத் தன் இணையதளத்தில் போட்டு உடைத்தார். இந்தக் கட்டுரையை நீக்கினால்தான் சம்மதிப்பேன் என்று கில்மோர் முட்டுக்கட்டை போடுவதாகவும், அதில் உள்ள வரலாறு பொய் என்று கில்மோரே சொல்லவில்லை, மறைக்கத்தான் விரும்புகிறார் என்றும் எழுதினார். கடைசியில் கட்டுரை இல்லாமலேயே ஆல்பம் வந்தது. இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல். ஒரு வீட்டில் இருந்திருந்தால் யாராவது பெரியவர் அதட்டி உட்கார வைத்திருப்பார். இவர்களே பெரியவர்களாகிவிட்டதுதான் சிக்கல்.

ஆல்பத்தின் கருவும் வரிகளும் வாட்டர்ஸுடையவை. ஐந்து தலைப்புகளில் நான்கு அவர் பெயரில் மட்டும் இருக்கின்றன. உறைப் படத்துக்காக லண்டனின் பேட்டர்சி மின் நிலையத்தின் மேல் காற்றடைத்த பன்றி பொம்மையைப் பறக்கவிடும் யோசனையும் அவருடையதே. (அந்தப் பன்றி 1976 டிசம்பரில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஹீத்ரோ விமானிகளைத் திகைக்க வைத்துவிட்டு, கென்ட் பக்கம் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. இந்த ஆல்பத்தில் வாட்டர்ஸின் சொல்லைக் கேட்காத ஒரே ஆள் அதுதான் என்று நீ சொன்னால் சிரித்துவிட்டு ஒப்புக்கொள்வேன்.)

ஆனால் நான்கு தலைப்பு என்ற கணக்கை நீ நீட்டும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 'பிக்ஸ் ஆன் த விங்' என்ற சின்ன காதல் பாட்டு மொத்தமே மூன்று நிமிடத்துக்குள் முடிவது. இரண்டாக வெட்டி, ஆல்பத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று வைத்தார்கள். 'டாக்ஸ்' பதினேழு நிமிடம், ஏறக்குறைய ரெக்கார்டின் முதல் பக்கம் முழுவதும். பாடலாக்கத்துக்கான உரிமைத்தொகையோ பாட்டின் நீளத்தைப் பார்க்காது, எண்ணிக்கையைப் பார்க்கும். ஆகவே கில்மோர் இணைந்து உருவாக்கிய பதினேழு நிமிடத்துக்கு ஒரு பங்கு. வாட்டர்ஸ் தனியாக எழுதிய மூன்று நிமிடத்துக்கு இரண்டு பங்கு. இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்தில் காரில் போட்டுக் கேட்ட எட்டுத்தட நாடா கார்ட்ரிட்ஜ் பதிப்பில், ஸ்னோயி ஒயிட் வாசித்த ஒரு கிட்டார் துண்டைப் பாலமாகப் போட்டு அந்த இரண்டையும் ஒரே பாட்டாக இணைத்திருந்தார்கள். ரெக்கார்டில் இரண்டு, காரில் ஒன்று!

'டாக்ஸ்' பாட்டில் பெரும்பங்கு தன்னுடையது என்று கில்மோர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாட்டர்ஸ் கட்சிக்காரர்களுக்கு அது கசக்கும். எனக்குச் சதவீதத்தில் அக்கறை இல்லை. அந்தப் பாட்டு வளர்ந்த விதத்தைப் பார். 1974-லேயே வேறு பெயரில் மேடைகளில் வாசித்தார்கள். அப்போது வரிகள் மிக அதிகம். மூச்சு விட இடமில்லாமல் கில்மோர் பாடித் திணறினார். 1976-இல் இஸ்லிங்டனில் தங்கள் சொந்த ஒலிப்பதிவுக்கூடமான பிரிட்டானியா ரோவில் அதைப் பதிவு செய்தபோது வரிகளைக் குறைத்து, சுருதியையும் மாற்றினார்கள். அந்த இடைவெளிகளில்தான் கிட்டார் பேச ஆரம்பித்தது. முதல் பாதியைக் கில்மோர் பாடுகிறார், பின்பாதியை வாட்டர்ஸ். இதில் யார் இல்லாவிட்டால் எது மிஞ்சும் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உனக்கு இருக்கிறது, வயது அப்படி.

அடுத்து, 'ஷீப்' பாட்டின் பேஸ் கிட்டாரைப் பற்றி நீ உருகி உருகி எழுதியிருக்கிறாய், வாட்டர்ஸின் விரல்கள் என்று. மாப்பிள்ளை, அது கில்மோரின் விரல்கள். 'பிக்ஸ் (த்ரீ டிஃபரன்ட் ஒன்ஸ்)' பாட்டிலும் பேஸ் அவர்தான். சிறந்த பேஸ் கலைஞர் என்று வாசகர் வாக்கெடுப்பில் தன்னை ஜெயிக்க வைத்ததற்காக வாட்டர்ஸ் தனக்கு நன்றி சொல்வதுண்டு என்று கில்மோரே ஒரு பேட்டியில் சிரித்திருக்கிறார். அந்த நாளில் இருவரும் சேர்ந்து சிரித்த விஷயத்துக்கு இன்று நீ சண்டைக்கு வருகிறாய்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுதுவது கில்மோருக்காக இல்லை, விசைப்பலகை வாசித்த ரிச்சர்ட் ரைட்டுக்காக. உன் இத்தனை பக்கங்களில் அவர் பெயர் ஒரே ஒரு முறை, அதுவும் எழுத்துப்பிழையோடு வருகிறது. பாடலாக்கத்தில் அவர் பெயரே இல்லாமல் வந்த முதல் பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் இது. அந்த நேரத்தில் தன்னிடம் புதிதாக எதுவும் ஊறவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதனால் அவரை எல்லோரும் எளிதில் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, 'ஷீப்' தொடங்குவது எப்படி? ஆடுகள் கத்துகின்றன, அதன் மேல் மின் பியானோ ஒன்று அவசரமே இல்லாமல் நடக்கிறது. அடியில் பேஸ் மெல்ல ஊர்ந்து வந்து அதைத் துரத்தத் தொடங்கும் வரை அந்த இடம் முழுவதும் ரைட்டுடையது. இதே பாட்டை 1974-இல் மேடையில் வாசித்தபோது இந்தத் தொடக்கமே கிடையாது. ரைட் கொண்டுவந்து சேர்த்தது. இன்று யாரிடமாவது 'ஷீப்' என்று சொன்னால் முதலில் காதில் விழுவது அதுதான், ஆனால் உறையில் பாட்டுக்குச் சொந்தக்காரர் வாட்டர்ஸ் ஒருவரே. 'டாக்ஸ்' நடுவில் நாய்க்குரைப்பு இயந்திரத்தில் புகுந்து நெளிகிற அந்த நீண்ட பகுதியையும் கேள். சிந்தசைசர் தரையாகப் பரவியிருப்பதால்தான் அந்த வெறுமை நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது.

பழைய கலவையில் இவையெல்லாம் மங்கலாக, சேற்றில் மாட்டிக்கொண்டது போல் இருந்தன. கத்ரியின் கலவையில் ரைட்டின் விசைப்பலகை தனியாக எழுந்து நிற்கிறது. நிக் மேசனின் டிரம்ஸுக்கும் உடம்பு வந்திருக்கிறது. யார் என்ன செய்தார்கள் என்ற கட்டுரைக்காக நான்கு வருடம் பெட்டியில் கிடந்த பதிவில், அந்தச் சண்டையில் எந்தக் கட்சியும் பேசாத மனிதரின் வாசிப்புதான் நன்றாகக் கேட்கிறது. 1979-இல், 'த வால்' ஆல்பத்தின் தயாரிப்பின்போது, அவரைக் குழுவிலிருந்து விலகச் செய்தார்கள். 2008-இல் காலமானார். கட்டுரைச் சண்டையை அவர் பார்க்கவில்லை.

மேசனைப் பற்றி நீ சொன்னதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு, அதை நேரில் பேசலாம். உன் வீட்டில் ஐந்து ஒலிபெருக்கிகள் இருக்கின்றன, என்னிடம் இரண்டுதான். பொங்கலுக்கு வருகிறேன், அந்த 5.1 தட்டை எடுத்து வை. 'ஷீப்' ஓடும்போது மட்டும் வாயைத் திறக்காதே.

அன்புடன்,
மாமா