பெயர்ப் பட்டியலை நான் வாசிக்க மாட்டேன்

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். அக்காவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி அவளே தொலைபேசியில் உன்னிடம் விரிவாகச் சொல்லியிருப்பாள் என்பதால் நான் விட்டுவிடுகிறேன். உன் மகளின் புது வேலைக்கு என் வாழ்த்துகளைச் சொல். இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரிடமாவது கொட்டித் தீர்க்காமல் போனால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சொல்லத் தகாத எதையாவது நான் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது.

என்னைச் சபைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்த செய்தி கேட்டு நீ எப்படிச் சிரித்தாய் என்பதை நான் மறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு உல்லாசப் பயண நிதியின் மீதியை இன்றுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருப்பவன் நீ ஒருவன்தான். சிரித்துக்கொள். ஆனால் அந்த நிதியைவிடச் சிக்கலான ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது. சில மாதங்களாகவே காணிக்கை குறைந்துகொண்டு வருகிறது, செலவு குறையவில்லை. போதகருக்கு இம்முறை சம்பளம் தாமதமாகத்தான் கொடுக்க முடிந்தது; அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் எனக்கு அதிக வேதனையாக இருந்தது. கூரைப் பழுதுக்கு ஒதுக்கியதிலிருந்து மின்கட்டணம் கட்டியிருக்கிறோம். இந்த நிலையில் கூடிய கமிட்டியில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள், யார் வாக்குக் கொடுத்துவிட்டுக் கொடுக்கவில்லை என்ற பட்டியலை ஆராதனை முடிவில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும் என்றார். பலர் தலையசைத்தார்கள். இன்னொருவர், அதைவிட நல்ல வழி நம் நூறுமடங்கு ஐயாவை அழைத்து இரண்டு நாள் விசேஷக் கூட்டம் வைப்பதுதான் என்றார். போட்டால் நூறுமடங்காகத் திரும்பி வரும் என்று பிரசங்கிக்கிற அவருடைய பெயரைக் கேட்டதும் எனக்கு நீ நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்துவிட்டது. அதை அடக்கப் பட்ட பாட்டை உனக்கு எழுதியே ஆக வேண்டும். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. பட்டியலை வாசிப்பதானால் வேறு பொருளாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். சரி, அப்படியானால் எப்படிக் கேட்பது என்று நீரே ஒரு வழி சொல்லும் என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

நான் அத்தனை பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் ஒரு துண்டுச் சீட்டு. ஆராதனை முடிந்ததும் பின்னறையில் இரண்டு பேராக உட்கார்ந்து காணிக்கையை எண்ணுவது எங்கள் வழக்கம். ஒருவர் உறையைப் பிரித்து நோட்டை நீவி அடுக்குவார், மற்றவர் பேரேட்டில் குறித்துக்கொள்வார். கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறு அப்படிப் பிரித்தபோது ஓர் உறையில் பணம் இல்லை. நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. இந்த மாதம் வேலை இல்லை, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. கட்டண பாக்கி வைத்தவர் எழுதுவதுபோல எழுதியிருந்தது. வேலை போன ஒரு மனிதர் சபையின் உதவியைக் கேட்டு எழுதாமல், சபையிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார் என்றால், கொடுப்பதைப் பற்றி இத்தனை வருடம் அவருக்கு நாங்கள் என்னதான் சொல்லிக்கொடுத்தோம்? பெயர் வாசிக்கும் பட்டியலில் முதலில் தலைகுனியப் போகிறவர் அவர்தான். வசதியிருந்தும் கொடுக்காதவர் அன்றைக்கு ஆராதனைக்கு வராமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, நான் சொன்னது சரிதானே, சபையில் பணத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நீ ஆரம்பித்துவிடாதே. உன்னுடைய அந்தப் பழைய கட்சியில் நான் சேரவில்லை. விளக்கு எரிய வேண்டும், போதகரின் பிள்ளைகள் படிக்க வேண்டும், விதவைகளுக்கான நிதி வற்றாமல் இருக்க வேண்டும், ஆனால் அதற்கான பணத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது பக்தி அல்ல, கூச்சம். இயேசுவே காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக மாற்கு எழுதுகிறார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் எட்டு, ஒன்பது ஆகிய இரண்டு முழு அதிகாரங்களை எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்துக்கே ஒதுக்குகிறார். அதுவும் யாரிடம்? ஒரு வருடத்துக்கு முன்பே ஆர்வமாகத் தொடங்கிவிட்டு, முடிக்காமல் இழுத்தடித்தவர்களிடம். அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நூலகத்துக்குத் தருவதாகச் சொன்ன உன் புத்தகப் பெட்டிகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஆகவே கேட்பதில் தவறில்லை. கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நூறுமடங்கு ஐயா மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, வானத்தின் பலகணிகளைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறது பார், இன்றைக்குப் போடு, நாளைக்கு எடு என்று வட்டிக் கணக்குச் சொல்வார். ஆனால் அதே வசனம் தசமபாகத்தை, அதாவது வரவில் பத்தில் ஒரு பங்கை, கொண்டுவரச் சொல்வது தேவனுடைய ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படிதான் என்பதை அவர் வாசித்துவிட்டுத் தாண்டிப் போய்விடுவார். அந்த ஆகாரம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பது நெகேமியாவின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: ஆலயப் பணி செய்துவந்த லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஆலயப் பணியை விட்டுவிட்டுத் தங்கள் வயல்களுக்குப் போய்விட்டார்கள். இந்த இடத்தை நான் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். கொடுக்காதவர்கள் ஜனங்கள், ஆனால் நெகேமியா வழக்காடியது தலைமையானவர்களோடு. பிறகு லேவியரைத் திரும்பக் கூட்டிவந்து அவரவர் நிலையில் நிறுத்தினார்; யூதர் எல்லோரும் தசமபாகத்தைக் கொண்டுவந்தார்கள்; உண்மையுள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்களைப் பொக்கிஷ அறைகளுக்குப் பொறுப்பாளர்களாக வைத்தார். கூரை ஒழுகுவதற்கு விசுவாசிகளின் பேராசையே காரணம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது யோவாஸ் ராஜாவின் கதை. ஆலயத்துக்கு வரும் பணத்தை வாங்கி அதைப் பழுதுபார்க்கும்படி ஆசாரியர்களிடம் சொல்கிறார். அவருடைய ஆட்சியின் இருபத்துமூன்றாம் வருடம் வந்தும் ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. பணம் கொடுக்கப்படவில்லை என்று அங்கே எழுதியிருக்கவில்லை. வேலை நடக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது. அப்போது ஆசாரியனான யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் இட்டு, பலிபீடத்தின் அருகே, உள்ளே வருகிறவர்கள் பார்க்கும் இடத்தில் வைக்கிறார். பணம் நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும், அதாவது எழுத்தரும், பிரதான ஆசாரியனும் இருவராக வந்து எண்ணி, பைகளில் கட்டி, தச்சருக்கும் கொத்தருக்கும் போகும்படி கொடுக்கிறார்கள். எண்ணுவதற்கு இரண்டு பேர், எல்லோர் கண்ணிலும் படுகிற பெட்டி, இன்ன வேலைக்கு என்று போகிற பணம். எங்கள் பின்னறையில் இருவர் உட்கார்ந்து எண்ணும் ஏற்பாடு யாரோ தணிக்கையாளர் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்தது. பவுலும் இதையே செய்தார்: இத்தனை பெரிய தொகையைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்குத் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்கிறார். எங்கள் சபையிலோ ஆண்டறிக்கை வாசிக்கப்படும் வேகத்தில் அதை யாராலும் பின்தொடர முடியாது. இதர செலவு என்று ஒரு தலைப்பு உண்டு. அது என்னவென்று கேட்டவரைச் சந்தேகக்காரர் என்றார்கள். கணக்கைக் கேட்டவரைக் கடிந்துகொண்ட இடத்தில் காணிக்கை குறைந்ததில் என்ன ஆச்சரியம்?

கட்டாயத்தைப் பொறுத்தவரை ஆதிச் சபை இதில் தெளிவாகவே இருந்திருக்கிறது. சுமார் 197இல் கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் கிறிஸ்தவர்களுக்காக வாதாடி எழுதும்போது, எங்களிடம் ஒரு பொதுப் பெட்டி உண்டு, மாதம் ஒருமுறை அவரவர் விரும்பினால், இயன்றால் மட்டும் போடுகிறார்கள், யாரையும் வற்புறுத்துவதில்லை, அது ஏழைகளை அடக்கம் செய்யவும் ஆதரவற்ற பிள்ளைகளையும் முதியவர்களையும் காக்கவும் செலவாகிறது என்ற கருத்தைச் சொல்கிறார். அதே திருச்சபை 585இல் இன்றைய பிரான்சிலுள்ள மாக்கோனில் கூடிய ஆயர்களின் சங்கத்தில் தசமபாகம் செலுத்தாதவரைச் சபையைவிட்டு விலக்கும் நிலைக்கு வந்துவிட்டது. எங்கள் மூத்த உறுப்பினரின் யோசனை புதிதல்ல என்று அவருக்குச் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த ஒரு கூட்டத்தில். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் ஜெபக்கூடம் கட்டிய கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். கடன் தீரும்வரை ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஃபாய் என்ற கேப்டன். பலர் ஏழைகள், அவர்களால் எப்படி முடியும் என்று ஒருவர் கேட்டார். அதற்கு அவர், மிக ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே போடுகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே ஆளுக்குப் பதினொருவரை ஏற்றுக்கொண்டார்கள். பென்னிக்காக வாரந்தோறும் வீடு தேடிப் போனவர்கள் அந்த வீடுகளில் இருந்த குடியையும் சண்டையையும் துன்பத்தையும் கண்டார்கள். அதிலிருந்துதான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் சிறு குழுக்களான மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்களே பிறந்தன. பணம் கேட்கப் போனவர்கள் மனிதரை விசாரிக்கிறவர்களாக மாறினார்கள் என்பதை நினைத்துப் பார். எங்களிடம் அப்படி ஒருவராவது வீட்டுக்குப் போயிருந்தால், அந்தச் சீட்டை எழுத வேண்டிய தேவையே அவருக்கு வந்திருக்காது. இப்போது அவர் யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கையெழுத்தை வைத்துத் தேடக்கூடாது என்று போதகரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்ற வசனத்தைப் போதகர் அடுத்த ஞாயிறு பேசுவார். உதவி நிதியை யாரிடம், எப்படி, பெயர் வெளியே வராமல் கேட்கலாம் என்பதையும் அன்றைக்கே அறிவிப்பார்.

நான் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்த யோசனை நீளமானதல்ல. ஒரே தாளில், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி, வந்தது என்ன, எங்கே போனது, என்ன குறைகிறது என்று அச்சிட்டு ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் கொடுப்பது. இதர செலவு என்ற தலைப்பை ஒழிப்பது. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவைக்கும்படி பவுல் சொன்னதுபோல, மாதந்தோறும் இவ்வளவு என்று வீட்டில் கலந்துபேசி முடிவு செய்யும்படி கேட்பது. விடுமுறைக் காலத்தில் இருக்கைகள் காலியானாலும் சம்பள நாள் தள்ளிப்போவதில்லை என்பது பெரும்பாலானவர்களுக்குத் தோன்றுவதே இல்லை, சொன்னால் புரிந்துகொள்வார்கள். தொகையைப் பற்றி யார் எவ்வளவு என்று மேடையில் ஒருபோதும் பேசாமல் இருப்பது. பிறகு, கமிட்டியில் இருக்கிற நாங்கள் முதலில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு மற்றவர்களிடம் கேட்பது. கடைசி யோசனைக்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குத் தீரவில்லை. இப்போது பாதிப் பேர் கைபேசியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து அனுப்பிவிடுகிறார்கள். கணக்குக்கு அது மிகவும் வசதி. ஆனால் காணிக்கைப் பை வரும்போது அப்பாவும் அம்மாவும் சும்மா கைமாற்றி விடுவதைத்தான் பக்கத்தில் இருக்கிற பிள்ளை பார்க்கிறது. கொடுக்கும் வீட்டில் வளர்ந்தும் கொடுப்பதைப் பார்க்காமலே அது வளரும். இதற்கு என்ன செய்வது என்று நீ யோசித்துச் சொல். ஞாயிறு பள்ளியை அத்தனை வருடம் நடத்தியவன் நீ.

கேலியை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். இரண்டு காசு போட்ட ஏழை விதவையை நம் மேடைகளில் எத்தனையோ முறை எழுப்பி நிறுத்தியிருக்கிறோம். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிக்கும் வசனம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்த பிரசங்கத்தை நான் கேட்டதே இல்லை. அவளைப் புகழ்ந்து பணம் கேட்கிற எங்களுக்கு, அவள் வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் கடமையும் உண்டல்லவா?

அதனால்தான் உன்னை அழைக்கிறேன். அடுத்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கணக்குத் தாளைக் கொடுக்கப் போகிறோம். அன்று பேச வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். நூறுமடங்கு ஐயாவுக்கு மாற்றாக உன் பெயரைச் சொல்லி, கமிட்டியின் சம்மதத்தையும் வாங்கிவிட்டேன். இருபது நிமிடம் போதும். பாலைவனத்தில் ஜனங்கள் தேவைக்கு அதிகமாகக் கொண்டுவந்ததால் இனி வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச்சொன்ன இடத்தை நீ எடுத்தால் நன்றாக இருக்கும். எந்தப் பொருளாளருக்கும் கிடைக்காத அந்த அறிவிப்பைக் காதால் கேட்டாவது மகிழ்கிறேன். பயணச் செலவைச் சபை தரும், ரசீது கொண்டு வா. ரசீது இல்லாமல் நான் ஒரு காசும் தர மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். புத்தகப் பெட்டிகளையும் கொண்டு வந்தால் இரட்டிப்பு மகிழ்ச்சி. வருவதையோ வராததையோ இந்த வாரத்துக்குள் எழுது; அறிவிப்புத் தாள் அச்சுக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் கடைசிப் பெஞ்சுத் தோழன்