ஸ்ட்ரைப்டு பாஸ் அளவு விதி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க அட்லாண்டிக் கரையோரக் கடலில் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தைத் தாண்டாமலும் உள்ள ஒரு ஸ்ட்ரைப்டு பாஸ் மீனை மட்டுமே ஒருவர் ஒரு நாளில் எடுத்துச் செல்லலாம் என்ற விதி, 2023 முதல் நம்மில் பலருக்கு மனக்கசப்பைத் தந்து வருகிறது. சென்ற சனிக்கிழமை விடியலில் எனக்குக் கிடைத்த மீன் அளவைவிட அரை அங்குலம் மிஞ்சியிருந்ததால், தூண்டில் முள் ஆழமாகத் தைத்துச் செவுளில் இரத்தம் கசிந்த நிலையிலும், பிழைக்காது என்று தெரிந்தே அதைக் கடலில் விட நேர்ந்தது. விடுவிக்கப்படும் மீன்களில் 100க்கு 9 இறப்பதாகக் கணக்கிட்டுக்கொண்டே, விடுவிப்பதைப் பெருக்கும் விதியை வகுத்திருப்பதுதான் என் வருத்தம். ஆயினும், இம்மீனின் முக்கிய இனப்பெருக்கப் பகுதியான செசபீக் விரிகுடாவில் 2019 முதல் குஞ்சுகள் மிகவும் குறைந்திருப்பதால், கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. இரை கோக்கும்போது, விதிப்படி, முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் பெரும்பாலும் ஆழமாகத் தைக்காத சர்க்கிள் முள்ளையே அனைவரும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.